ஆர்டர் குறைந்த திருப்பூரில் ஆபீஸ் வேலை: ஐந்து வழிகளில் உங்களுக்கு எது?

ஏற்றுமதி பனியன் கம்பெனியின் ஆபீஸில் வேலை பார்த்து, இப்போது ஆள் குறைப்பிலோ சம்பளக் குறைப்பிலோ சிக்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல்), டாக்குமென்டேஷன் (ஏற்றுமதி ஆவணங்கள்), மெர்ச்சண்டைசிங் (ஆர்டரைப் பின்தொடர்வது) உதவியாளர், ஸ்டோர்ஸ் பதிவு, வரவேற்பு என்று பல பெயர்களில் இந்த வேலைகள் இருக்கின்றன. இவற்றில் இருப்பவர்களில் பலர் வீட்டுக் கடனாலோ பிள்ளைகளின் பள்ளியாலோ வயதான பெற்றோராலோ ஊரோடு கட்டுண்டவர்கள். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகச் சொல்வது அவர்களுக்குப் பதில் ஆகாது. உள்ளூரிலேயே எதைப் பிடிப்பது என்பதுதான் அவர்களின் கேள்வி.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு அமெரிக்கா மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சந்தை. வரி பிறகு ஏறட்டும், இறங்கட்டும், வேறு நாட்டுக்குப் போன சீசன் ஆர்டர் மறுநாளே திரும்பி வந்துவிடாது. ஆர்டர் நின்றால் பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கு அந்த வாரமே தெரிந்துவிடும். ஆபீஸ் ஆளுக்குத் தாமதமாகத்தான் தெரியும். ஏற்கெனவே கப்பலேறிய சரக்குக்குப் பேப்பர் முடிக்க வேண்டும், வங்கியில் பணம் வந்து சேர வேண்டும், டிராபேக் (ஏற்றுமதிக்குத் திருப்பித் தரப்படும் சுங்க வரி) வாங்க வேண்டும். இந்த வேலைகள் ஓடும்வரை நாற்காலி இருக்கும். இன்னும் வேலையில் இருப்பவர்கள், இந்த இடைவெளியில்தான் தாங்கள் இருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

சம்பளம் எவ்வளவு என்பதை நான் முதல் அளவுகோலாக வைக்க மாட்டேன். மந்தக் காலத்தில் உள்ளூர் ஆபீஸ் வேலைகளின் ஆரம்பச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. 2,000 ரூபாய் கூடுதலாகத் தரும் இடத்துக்கு ஓடி, ஆறு மாதத்தில் அதுவும் போனால் நிலைமை முன்பைவிட மோசம்.

அந்த ஆபீஸின் வருமானம் எதை நம்பி நிற்கிறது? இதுதான் என் முதல் கேள்வி. திருப்பூரில் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, லாரி ஆபீஸ், பெட்டி தயாரிப்பு எல்லாமே ஒரே ஆர்டரின் கிளைகள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது சாயத்தோடு சம்பந்தமே இல்லாத ஆபீஸ்களும் அசைந்ததை ஊரே பார்த்தது. ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து வெளியேறி, அதே ஏற்றுமதியை நம்பி, கூலிக்கு வேலை முடித்துத் தரும் ஜாப்வொர்க் யூனிட்டின் ஆபீஸில் சேர்ந்தால் ஆபத்து அப்படியே கூட வருகிறது.

முதல் சம்பளம் எத்தனை நாளில்? வாடகை, இ.எம்.ஐ., பள்ளிக் கட்டணம், மளிகை நான்கையும் கூட்டுங்கள். கையிருப்பை அதனால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். அதற்குள் சம்பளம் வராத வழி, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொடருமா? பி.எஃப். வழியாக வரும் ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டு சேவை வேண்டும். ஏழெட்டு ஆண்டு கட்டியவருக்கு மீதி இரண்டு மூன்று ஆண்டுகள் மிக முக்கியம்.

போக்குவரத்து போக மிச்சம் எவ்வளவு? சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தப் பஸ் போகும் வழியில் உள்ள 13,500 ரூபாய் வேலையையும் கோவையில் உள்ள 16,000 ரூபாய் வேலையையும் ஒப்பிடுங்கள். ரயிலடி வரை வண்டி, நிறுத்தக் கட்டணம், சீசன் டிக்கெட், வெளிச்சாப்பாடு என்று மாதம் 3,000 போனால் கோவை வேலைதான் குறைவு. தினமும் சாலையில் கழியும் இரண்டு மூன்று மணி நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

தொழில் மீண்டு எழும்போது இந்த வேலை உங்கள் கையில் எதை விட்டுச் செல்லும்? புதிதாகக் கற்றது ஏதாவது இருக்க வேண்டும்.

## வழி 1: குறைந்த சம்பளத்தில் இருக்கும் இடத்திலேயே தொடர்வது

பலர் இதை ஒரு தேர்வாகவே கருதுவதில்லை. நிறுவனம் பழையது, வாங்குவோர் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இருக்கிறார்கள், முதலாளி வங்கிக் கடனில் மூழ்கவில்லை என்றால், நான்கு நாள் வேலை, முக்கால் சம்பளம் என்பதை ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்பது நியாயமான முடிவு. பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு சேவை தேவைப்படுவதால், ஐந்தாம் ஆண்டை நெருங்கியவர் அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வரக் கூடாது.

ஆனால் சம்பளக் குறைப்பு எந்தத் தலைப்பில் விழுகிறது என்று பாருங்கள். பணிக்கொடை கடைசியாக வாங்கிய ஊதியத்தின் மேல் கணக்கிடப்படுகிறது. அந்த ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்க வேண்டும். எட்டு ஆண்டு சேவையும் 14,000 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் உள்ளவருக்கு ஏறத்தாழ 64,600 ரூபாய் வரும். அடிப்படையை 9,000 ஆக்கிய பின் விலகினால் 41,500 ரூபாய்தான். ஒரு கையெழுத்தில் 23,000 ரூபாய் போய்விடுகிறது. குறைப்பு தவிர்க்க முடியாதது என்றால் அலவன்ஸில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதை எழுத்திலும் வாங்குங்கள்.

இன்னொன்று, சம்பளத்தில் பிடித்த பி.எஃப். உங்கள் கணக்கில் ஏறுகிறதா என்று மாதாமாதம் பாஸ்புக்கைப் பாருங்கள். இரண்டு மாதம் ஏறாமல் இருந்தால் அந்த நிறுவனத்தில் பணம் வற்றிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் அங்கே காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நீங்கள் முதலாளிக்குக் கொடுக்கும் கடன்தான். அப்போது கிளம்பிவிடுவதே நல்லது.

## வழி 2: ஆடிட்டர் ஆபீஸ், ஜி.எஸ்.டி. ஆபீஸ்

இந்த வழியைத்தான் நான் அதிகம் பேருக்குச் சொல்கிறேன். வியாபாரம் படுத்தாலும் கணக்குத் தாக்கல் படுக்காது. மாதாந்திரத் தாக்கலில் இருப்பவர் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 (விற்பனை விவரம்), 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி (மாத வரிக் கணக்குச் சுருக்கம்) போட்டாக வேண்டும். ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் 'நில்' என்று போட வேண்டும். தாமதித்தால் நாள் கணக்கில் கட்டணம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் 15-ஆம் தேதி கெடு. மந்தக் காலத்தில் வங்கியில் கடனை மாற்றி அமைக்கப் போகும் முதலாளிகளுக்கும் கணக்கு அறிக்கைகள் தேவைப்படுவதால் சில ஆபீஸ்களில் வேலை கூடவே செய்கிறது.

பனியன் கம்பெனியிலிருந்து வருபவருக்கு இங்கே ஒரு பலம் இருக்கிறது. அதைப் பலர் சொல்லிக்கொள்வதே இல்லை. ஷிப்பிங் பில், பி.ஆர்.சி. (ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்று), டிராபேக் என்றால் என்ன என்று டாக்குமென்டேஷனில் இருந்தவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஏற்றுமதியாளரின் வரி ரீஃபண்டுக்கு விண்ணப்பிக்கும் ஆபீஸில் அந்த அறிவு நேரடியாகப் பயன்படும். டைம் ஆபீஸில் இருந்தவருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் எடுப்பது அன்றாட வேலையாக இருந்திருக்கும். "எம்.எஸ். ஆபீஸ் தெரியும்" என்று பயோடேட்டாவின் மேலே போடுவதை விட்டுவிட்டு, "மாதம் இத்தனை ஷிப்மென்டுக்கு முழுப் பேப்பர் முடித்திருக்கிறேன்", "இத்தனை தொழிலாளருக்குச் சம்பளப் பட்டியல் போட்டிருக்கிறேன்" என்று உங்கள் உண்மையான எண்ணிக்கையை எழுதுங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியாவிட்டால் அதை மட்டும் உள்ளூர் சென்டர் ஒன்றில் கற்றுக்கொண்டால் போதும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே பெரியது. இ.எஸ்.ஐ. பொதுவாகக் குறைந்தது 10 பேரும், பி.எஃப். குறைந்தது 20 பேரும் உள்ள இடங்களுக்குத்தான் கட்டாயம். ஐந்தாறு பேர் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸில் இரண்டுமே இருக்காது. பனியன் கம்பெனியில் இருந்தவரை குடும்பத்துக்குக் கிடைத்த மருத்துவப் பாதுகாப்பு இல்லாமல் போகும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை பெறலாம். அதற்கு மேல் போனால் தனியாகப் பாலிசி எடுக்க வேண்டும். அந்தப் பிரீமியத்தைச் சம்பளத்தில் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஜூலை முதல் அக்டோபர் வரை வருமான வரி, தணிக்கை வேலைகளால் இரவு எட்டு, ஒன்பது ஆகும். சிறு குழந்தை உள்ளவர்கள் அதை முன்பே கேட்டுவிட வேண்டும்.

மேலும், வாடிக்கையாளர் அனைவரும் ஏற்றுமதியாளர்களாகவே உள்ள ஆபீஸைவிட, மளிகை மொத்த வியாபாரி, மருந்துக் கடை, காதர்பேட்டை உள்நாட்டு வியாபாரி, கட்டட ஒப்பந்ததாரர் என்று கலந்து இருக்கும் ஆபீஸ் பாதுகாப்பானது. நேர்காணலில் இதைக் கேட்பதில் தவறில்லை.

இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தால் தனியாகச் சில சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதும் அளவுக்கு வளரலாம். இந்த ஐந்து வழிகளில் உங்களை ஒரு சம்பளத்தை மட்டும் நம்பும் நிலையிலிருந்து வெளியே கொண்டுவரக் கூடியது இது ஒன்றுதான்.

## வழி 3: மருத்துவமனை, பள்ளி, கல்லூரி அலுவலகம்

மருத்துவமனையையும் பள்ளியையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருத்துவமனையின் வருமானம் ஏற்றுமதியோடு கட்டப்படவில்லை. பில்லிங், சேர்க்கை, காப்பீட்டு மேசை மூன்றிலும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் தனியார் பாலிசிகளும் ஏற்கும் மருத்துவமனைகளில் முன் அனுமதி வாங்குவது, கேட்ட ஆவணங்களைத் திரும்ப அனுப்புவது, பணம் வரும்வரை பின்தொடர்வது எல்லாம் தனி வேலை. வெளிநாட்டு பையருக்கு (வாங்குவோருக்கு) மெயில் அனுப்பி அனுப்பிப் பழகியவருக்கு இது கைவரும். ஆள்பலம் அதிகம் என்பதால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்க வாய்ப்பும் அதிகம். கஷ்டம் ஷிப்ட்டில்தான். இரவுப் பணி சுழற்சி உண்டா, இரவில் வீட்டுக்கு வண்டி தருவார்களா என்று கேளுங்கள். வண்டி இல்லை என்றால், இரவு கடைசி டவுன் பஸ் போன பின் வேலை முடிபவருக்கு ஆட்டோச் செலவே சம்பளத்தைத் தின்றுவிடும்.

தனியார் பள்ளி ஆபீஸ் வெளியிலிருந்து பார்க்க அமைதியானது. ஆனால் வேலை குறைந்து வெளி மாவட்டத்தவரும் வெளி மாநிலத்தவரும் ஊருக்குத் திரும்பினால் அவர்களின் பிள்ளைகளும் போய்விடுவார்கள்; தங்குபவர்களில் சிலர் அரசுப் பள்ளிக்கு மாற்றுவார்கள். அதனால் சிறு பள்ளிகளுக்கும் மந்தம் வந்து சேரும். மே மாதச் சம்பளம் உண்டா என்பதைச் சேரும்போதே கேளுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் இடத்தில் சேர வேண்டாம். சரிபார்த்துத் தந்துவிடச் சொல்லுங்கள். சொந்தப் பிள்ளைக்கு அதே பள்ளியில் கட்டணச் சலுகை கிடைக்கும் என்றால் மட்டும் கணக்கு மாறும். அந்தச் சலுகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சம்பளத்தோடு சேர்த்துப் பாருங்கள், சில குடும்பங்களுக்கு இதுவே சிறந்த வழியாக இருக்கும்.

## வழி 4: அரசு அலுவலகத்தில் ஒப்பந்த வேலை

மாவட்ட நலவாழ்வுச் சங்கம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்றவை டேட்டா என்ட்ரி ஆபரேட்டர், கணக்கு உதவியாளர் பணியிடங்களுக்கு அவ்வப்போது ஆள் எடுக்கின்றன. அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும். இடங்கள் ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். விண்ணப்பிக்க அவகாசமும் குறைவு என்பதால் வாரம் ஒருமுறை அந்தத் தளத்தைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கோர மாட்டேன் என்று உறுதிமொழியும் வாங்குவார்கள். அதை அப்படியே நம்புங்கள். "உள்ளே போய்விட்டால் என்றாவது நிரந்தரம் ஆகும்" என்ற எதிர்பார்ப்பில் ஆண்டுகளைக் கழித்தவர்கள் நிறைய பேர். ஒப்பந்தத்தை முடிவுள்ள வேலையாக மட்டும் எடுத்துக்கொண்டால், நேரம் சீராக இருக்கும், உள்ளூரிலேயே இருக்கலாம், மாலையில் படிக்கலாம்.

ஏஜென்சி மூலம் அரசு அலுவலகத்தில் உட்காருவது இதிலிருந்து வேறுபட்டது. அங்கே உங்கள் முதலாளி ஏஜென்சிதான். டெண்டர் மாறினால் ஏஜென்சி மாறும், சில நேரம் ஆளும் மாறும். சம்பளம் தாமதமாகும்போது துறையும் ஏஜென்சியும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். சேரும் முன் பணி ஆணை யார் பெயரில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள்.

எந்த வகையானாலும் வேலைக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மந்தக் காலத்தில் தரகர்கள் கூடுவார்கள். நகையை அடகு வைத்து 11 மாத வேலைக்குப் பணம் கொடுத்தவர் அதை எந்தக் கணக்கிலும் திரும்ப எடுக்க முடியாது.

## வழி 5: குரூப் 4-க்கு உட்கார்ந்து படிப்பது

இது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் தேர்வு. பத்தாம் வகுப்பு தகுதி, இளநிலை உதவியாளருக்கு 19,500 ரூபாயில் தொடங்கும் சம்பளம், அகவிலைப்படி சேர்த்தால் 30,000 ரூபாயைத் தொடும். ஆசை நியாயமானது. ஆனால் 2025 ஜூலை 12-இல் நடந்த தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். காலமும் நீளம். முந்தைய சுற்றில் அறிவிப்பு 2024 ஜனவரியில் வந்தது, தேர்வு ஜூனில், முடிவு அக்டோபரில். கலந்தாய்வு 2025-க்குள் போனது. இன்று வேலையில்லாதவர் இதை மட்டும் நம்பினால் ஓராண்டுக்கு மேல் வருமானமில்லாமல் இருக்க வேண்டும், அதன் பிறகும் உறுதி இல்லை.

உள்ளூர் வேலை தேடுபவர்கள் கவனிக்காத ஒன்றும் உண்டு. கலந்தாய்வில் தரவரிசைப்படிதான் இடம் தேர்வு செய்ய முடியும். தரம் பின்னால் இருந்தால் வேறு மாவட்டம் வரலாம். ஊரை விட்டு நகர முடியாது என்பதுதான் உங்கள் நிபந்தனை என்றால், வெற்றிக்குப் பிறகும் அந்தச் சிக்கல் காத்திருக்கிறது.

வயதைப் பற்றித் தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. இளநிலை உதவியாளர், தட்டச்சர் பதவிகளுக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரும் ஆதரவற்ற விதவைகளும் பத்தாம் வகுப்புக்கு மேல் தேர்ச்சி பெற்றிருந்தால் உச்ச வயது வரம்பு கிடையாது. நாற்பதைத் தொட்ட பட்டதாரி ஒருவர் "வயசு போச்சு" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

300 மதிப்பெண்ணில் 150 தமிழுக்கு. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படாது. பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இலவசப் பயிற்சி வகுப்பும் நடக்கும். கோச்சிங்குக்குக் கடன் வாங்குவதற்கு முன் அங்கே போய்ப் பாருங்கள்.

இந்த வழிக்குள் ஒரு கிளை வழி இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். அது தட்டச்சு. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (முதுநிலை) முடித்தவருக்குத் தட்டச்சர் பணியில் முதல் முன்னுரிமை. தட்டச்சுச் சான்றே இல்லாதவர்கள் அங்கே போட்டியிலேயே இல்லை, ஆகவே கூட்டம் குறைகிறது. காலையில் ஒரு மணி நேரம் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் வேலைக்கும் போகலாம். ஏற்கெனவே லோயர் (இளநிலை) முடித்து விட்டுவிட்டவர்கள் முதலில் ஹையரை முடியுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | முதல் சம்பளம் | எதை நம்பி நிற்கிறது | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| இருக்கும் இடம் | இந்த மாதமே, குறைவாக | அதே ஏற்றுமதி | பணிக்கொடைக் குறைவு, பி.எஃப். நிலுவை | ஐந்தாம் ஆண்டை நெருங்கியவர் |
| ஆடிட்டர் ஆபீஸ் | ஒரு மாதத்தில் | சட்டப்படி கட்டாயமான தாக்கல் | இ.எஸ்.ஐ., பி.எஃப். இல்லாமை, சீசன் இரவுகள் | டைம் ஆபீஸ், டாக்குமென்டேஷன் ஆள் |
| மருத்துவமனை | ஒரு மாதத்தில் | நோயாளிகள், காப்பீடு | இரவு ஷிப்ட், ஆட்டோ | இ.எஸ்.ஐ. அவசியம் தேவைப்படும் குடும்பம் |
| பள்ளி | சேர்க்கைக் காலத்தில் எளிது | பெற்றோரின் வருமானம் | மே சம்பளம் | பிள்ளையை அங்கே சேர்ப்பவர் |
| அரசு ஒப்பந்தம் | சில மாதங்கள் | திட்ட நிதி | 11 மாதம், நிரந்தரமின்மை | மாலையில் படிப்பவர் |
| குரூப் 4 | ஓராண்டுக்கு மேல் | தரவரிசை | வருமானமற்ற காலம், வேறு மாவட்டம் | வீட்டில் இன்னொரு சம்பளம் இருப்பவர் |

என்னைக் கேட்டால், மூன்று மாதக் கையிருப்பு உள்ள, வீட்டில் வேறு சம்பளம் இல்லாத ஒருவர் முதலில் வழி 2 அல்லது மருத்துவமனையைப் பிடிக்க வேண்டும், காலையில் தட்டச்சுக்குப் போக வேண்டும், குரூப் 4 அறிவிப்பு வரும்போது எழுத வேண்டும். வீட்டில் நாள்பட்ட நோயாளி இருந்தால் ஆடிட்டர் ஆபீஸைவிட மருத்துவமனை. துணையின் சம்பளம் வீட்டை ஓட்டும் என்றால் ஓராண்டு முழு நேரம் படிப்பது வீண் இல்லை; ஆனால் அந்த ஓராண்டை முன்பே முடிவு செய்து, அதற்கு மேல் நீட்டக் கூடாது.

## கிளம்பும் முன் வாங்க வேண்டியவை

எந்த வழி என்றாலும் பழைய கம்பெனியின் கதவை மூடும் முன் சில வேலைகள் இருக்கின்றன. விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு. ஆபீஸ் ஆள்கள் அடுத்தவருக்கு இவற்றைப் போட்டுக் கொடுத்தே பழகி, தமக்கு வாங்க மறந்துவிடுகிறார்கள். பி.எஃப். தளத்தில் நீங்கள் விலகிய தேதியை நிறுவனம் பதிய வேண்டும். பதியாவிட்டால் கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம். அவசரத்துக்குப் பி.எஃப். பணம் எடுத்தாலும் ஓய்வூதியப் பகுதியை எடுக்காதீர்கள், எடுத்தால் அதுவரை சேர்ந்த சேவை ஆண்டுகள் அழிந்துவிடும்.

வேலை போன மறுநாளே இ.எஸ்.ஐ. சிகிச்சை நின்றுவிடாது, பங்களித்த காலத்துக்கு உரிய பலன் காலம் பின்னால் தொடரும். வேலை இழந்த இ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு அதிகபட்சம் 90 நாளுக்குச் சராசரி ஊதியத்தில் பாதி தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் என்ற திட்டமும் உண்டு. 2018-இல் தொடங்கி அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்தது. வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கும். இப்போது நடப்பில் உள்ளதா, உங்கள் பங்களிப்பு நாட்கள் போதுமா என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் காப்பீட்டு எண்ணோடு நேரில் போய்க் கேளுங்கள். அதே பயணத்தில் வேலைவாய்ப்பு மையத்துக்கும் போய், மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய புதுப்பித்தல் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்து, அடுத்த தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் எந்த நாளில் என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.